மேலே ஏழு, கீழே ஏழு

மே 7, திங்கள்

முதலில் என் கண்ணில் பட்டது அவள் காதுதான். இரண்டு காதிலும் ஓட்டை ஒரே மட்டத்தில் இல்லை. வலது தோடு சரியாக இருந்தது. இடது தோடு ஒரு நெல் அளவு மேலே ஏறியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மனசு கொஞ்சம் லேசானது. மற்றபடி அவளிடம் குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை.

பெயர் இலக்கியா. இருபது வயது. கோயம்புத்தூரில் அச்சுத் தொழில் டிப்ளமோ படித்தவளாம். இன்றிலிருந்து கடையின் இரண்டாவது கம்ப்யூட்டர் அவளுக்கு. முதலாளி சென்னியப்பண்ணன் என்னைக் காட்டி, "இது மேகலா. வாயே தொறக்காது. கை மட்டும் ஓடும்" என்றார். அவள் சிரித்தாள். நான் கீபோர்டைத் துடைத்தேன்.

எங்கள் கடை தாராபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. முன்னால் அழைப்பிதழ் அட்டைகள், நடுவில் கம்ப்யூட்டர், பின்னால் அச்சு மெஷின். ஒன்றரை வருடமாகக் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாமே நான் ஒருத்திதான் டைப் செய்தேன்.

சாயங்காலம் கதவைச் சாத்தும்போது அண்ணன், "ஆடி பொறந்துட்டா முகூர்த்தம் இல்ல. ரெண்டு பேருக்கு வேலை இருக்காது. அதுக்குள்ள பாத்துக்கலாம்" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் நூல் மில் வேனில் ஏற்றிவிடும் பேச்சு மறுபடி வரும். ஆறு மாதம் மில் ஹாஸ்டலில் இருந்து இருமியது போதும்.

மே 9, புதன்

வேலு மெஸ் திறப்பு விழா நோட்டீஸ். பெயர் சின்னது, தாள் அகலம். எப்போதும் செய்வதுபோல எழுத்துக்கு நடுவே இடைவெளி கொடுத்து இழுத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நிரப்பினேன். அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"மேகலா, 'வே'யைப் பாரு. கொம்பு ஒரு பக்கம் நிக்குது, 'வ' ஒரு பக்கம் நிக்குது" என்றாள். இங்கிலீஷில் ஒவ்வொரு எழுத்தும் தனி ஆள், தள்ளி நின்றால் ஒன்றும் ஆகாதாம். நம் எழுத்துக்குக் கொம்பும் காலும் உடம்போடு சேர்ந்தவை, இழுத்தால் கழன்று வந்துவிடுமாம். எழுத்தை இழுக்காமல் பெரிதாக்கு, இல்லாவிட்டால் இரண்டு ஓரத்திலும் வெற்றிடம் விடு, வெற்றிடம் யாரையும் கடிக்காது என்றாள்.

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அண்ணன் கேட்டுவிட்டார். "ஒன்றரை வருசமா ஊர்ல இருக்கற கொம்பையெல்லாம் ஒடச்சிருக்கறயே" என்று சிரித்தார். மெஷின் ஓட்டுகிற மாரப்பண்ணனும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

மே 10, வியாழன்

அண்ணன் இன்று அவளை 'அம்மிணி' என்று கூப்பிட்டார். என்னைத்தான் அப்படிக் கூப்பிடுவார்.

மே 14, திங்கள்

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. தினமும் ஒன்பதுக்குப் போய்ப் பதினொன்றுக்கு வருகிறது. யூ.பி.எஸ். அழுதுகொண்டே பத்து நிமிடம் தாங்கும். இரண்டு மணி நேரம் அவளும் நானும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. அட்டைகளைத் தூசி தட்டினேன். அவளும் வந்து தட்டினாள்.

பிறகு வீணான அட்டை ஒன்றின் பின்பக்கம் கோடு போட்டுக் காட்டினாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் காட்டினாள். எழுத்துக்கு நடுவே உள்ள இடம் எல்லாவற்றிலும் சின்னது. சொல்லுக்கு நடுவே அதைவிடக் கொஞ்சம் பெரிது. வரிக்கு நடுவே அதைவிடப் பெரிது. பத்திக்கு நடுவே இன்னும் பெரிது. "சேர்ந்தது பக்கத்துல இருக்கணும், சேராதது தள்ளி இருக்கணும். ரெண்டு வருசப் படிப்பு இவ்வளவுதான்" என்றாள்.

இவ்வளவுதான் என்றால் ஒரு மத்தியானத்தில் நானும் படித்திருப்பேன்.

அவள் சாப்பிடப் போனதும் அவள் ஃபைலைத் திறந்து பார்த்தேன். எழுத்தின் உயரம் பன்னிரண்டு பாயிண்ட், ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு இடைவெளி பதினேழு. நான் எப்போதும் வரிக்குப் பதினான்குதான் வைப்பேன், அப்படித்தான் நானாகப் பழகியிருந்தேன். அதனால்தான் என் பத்திரிகைகளில் மேல் வரி 'மூ'வின் வாலும் கீழ் வரி 'கீ'யின் சுழியும் முட்டிக்கொள்கின்றன. இத்தனை நாள் அது மைக் கசிவு என்று நினைத்திருந்தேன்.

என் கையிலிருந்த குண்டடத்துக் கல்யாணப் பத்திரிகைக்குப் பதினேழு வைத்துப் பார்த்தேன். கதவைத் திறந்ததுபோல இருந்தது. மறுபடி பதினான்கே வைத்துச் சேமித்தேன்.

மே 16, புதன்

குண்டடத்துப் பத்திரிகை அச்சாகி வந்தது. அண்ணன் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "மேகலா, இது நல்லா இருக்குதே. படிக்கக் கண்ணுக்குச் சுகமா இருக்குது" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அவள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்து ஏதோ டைப் செய்துகொண்டிருந்தாள். வயிறு எரிந்திருக்கும்.

மே 17, வியாழன்

பள்ளிக்கூட ஆண்டு மலர் ஒன்று வேலைக்கு வந்திருக்கிறது. வரி நீளமாகவும் நெருக்கமாகவும் இருந்தால் என்ன ஆகும் என்று அவள் அண்ணனுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். ஒரு வரி முடிந்து கண் திரும்பும்போது அடுத்த வரி எது என்று தெரியாமல் படித்த வரிக்கே போய் நின்றுவிடுமாம். அது படிப்பவர் தப்பு இல்லை, அச்சடித்தவர் தப்பு என்றாள்.

நான் எழுந்து குழாயடிக்குப் போய் முகம் கழுவினேன்.

ஒன்பதாம் வகுப்பில் என்னை எழுந்து நின்று படிக்கச் சொன்னார்கள். ஒரே வரியை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை வகுப்பே என்னோடு சேர்ந்து அந்த வரியைச் சொன்னது. டீச்சரும் சிரித்தார். அடுத்த நாளிலிருந்து நான் போகவில்லை. காய்ச்சல் என்றேன். அப்புறம் காய்ச்சல் என்று சொல்லவும் இல்லை.

இதை எனக்கு வேறு யாராவது சொல்லியிருக்கலாம். அவளா சொல்ல வேண்டும்?

மே 18, வெள்ளி

காதுகுத்துப் பத்திரிகை ஒன்று வந்தது. குழந்தையின் அப்பா பெயர் லோகநாதன், அலங்கியத்துக்காரர். விழா ஜூன் பத்து. பங்காளிகள் பதினான்கு பேர், பிறகு குழந்தையின் தாய்மாமன் ந. ரங்கசாமி, ஆகப் பதினைந்து பெயரும் ஒரே பக்கத்தில் வர வேண்டும். இந்த மாதிரி நெருக்கடியான வேலையெல்லாம் என்னிடம்தான் வரும். அண்ணன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அவள் மேசையில் வைத்தார்.

இரண்டு முறை பார்த்தேன். அவள் மேசையில்தான் வைத்தார்.

மே 21, திங்கள்

அண்ணன் அட்டை எடுக்கச் சிவகாசி போயிருக்கிறார். அவள் சாப்பிடப் போயிருந்தபோது லோகநாதன் வந்தார். அவசரமாக ஏதோ சொல்லிவிட்டுப் பைக்கில் போய்விட்டார். நான் தலையாட்டினேன். பிறகு பசை தீர்ந்துவிட்டது, வாங்கப் போனேன். நல்ல வெயில். திரும்பி வந்து நூறு கவர் ஒட்டினேன்.

மே 22, செவ்வாய்

இன்றும் பேசச் சந்தர்ப்பம் அமையவில்லை. எனக்குத்தான் பேச வராதே.

மே 23, புதன்

லோகநாதன் புரூஃப் பார்க்க வந்தார். அவள் செய்திருந்தது அழகாகத்தான் இருந்தது. பதினைந்து பெயரும் தலை சீவியதுபோல ஒரே இடைவெளியில் இறங்கின. ஒரு வரி இன்னொன்றை முட்டவில்லை. கடைசி வரி ந. ரங்கசாமி, பக்கத்திலேயே தாய்மாமன் என்று இருந்தது. அதற்குக் கீழே ஒட்டினாற்போல மண்டபத்தின் முகவரி.

அவர் ஒவ்வொரு பெயராக விரல் வைத்து வாய்விட்டுப் படித்தார். எல்லோரும் எழுத்துப் பிழைதான் பார்ப்பார்கள். வெற்றிடத்தை யாரும் பார்ப்பதில்லை. "நான் சொன்னதெல்லாம் வந்துருச்சுங்களா?" என்று கேட்டார்.

"எல்லாம் வந்துருச்சுங்க. பதினஞ்சு பேரையும் எண்ணிப் பாத்துட்டேன்" என்றாள் அவள்.

அவர் கையெழுத்துப் போட்டார். நான் பிரின்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப அழுக்காக இருந்தது.

மே 28, திங்கள்

ஐந்நூறு பத்திரிகையும் அச்சாகிப் போய்விட்டன. நூறு நூறாகக் கட்டுப் போட்டது நான்தான். அண்ணன் அவளிடம், "அம்மிணி, இந்த மாதிரி ஒரு காதுகுத்துப் பத்திரிகை இந்த ஊர்ல யாரும் அடிச்சதில்ல" என்றார். ஒன்றை எடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். என் பத்திரிகை எதையும் அவர் கண்ணாடியில் ஒட்டியதில்லை.

அம்மா முட்டைக்கோஸ் பொரியல் செய்திருந்தாள். சாப்பிட முடியவில்லை.

ஜூன் 1, வெள்ளி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

பதினொன்றரைக்கு லோகநாதனும் அவர் மனைவி சுமதியும் வந்தார்கள். அந்த அம்மா உட்காரவே இல்லை. பத்திரிகையை அண்ணன் மேசைமேல் போட்டுவிட்டு அழ ஆரம்பித்தார். அவருடைய அண்ணன்தான் அந்த ரங்கசாமி. பத்திரிகையை வாங்கி ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கட்டில்மேல் வைத்தாராம். "'உம்பட ஊட்டுக்காரர் பங்காளிகளோட எம்பேரு பஸ்ஸுல தொங்கிட்டு வருது. படிக்கட்டுல நிக்கறவனுக்கு எதுக்கு மடி? அந்தப் பதினாலு பேருல ஒருத்தர் மடியில புள்ளைய உக்கார வெச்சுக் காது குத்திக்கங்க'ன்னுட்டாருங்க" என்றார்.

எங்கள் பக்கம் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் தனியாக நிற்கும். மேலேயும் கீழேயும் இடம் விட்டு, யாரும் தொடாத மாதிரி நிற்கும். எந்த வீட்டுப் பத்திரிகையை எடுத்தாலும் அப்படித்தான். எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் அதை ஒரு விதியாக எழுதி வைத்ததில்லை.

"நான் வந்து சொல்லிட்டுத்தானுங்களே போனேன். போன வாரம் திங்கக்கெழமை, மத்தியானம்" என்றார் லோகநாதன்.

அண்ணன் அவள் பக்கம் திரும்பினார். "என்கிட்ட சொல்லலைங்க" என்றாள். லோகநாதன் அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "ரெண்டுல ஒரு புள்ளகிட்டச் சொன்னனுங்க. எதுன்னு ஞாபகம் இல்லீங்க" என்றார்.

என் முகம் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. அதனால் எனக்கு நல்லது நடந்தது இதுதான் முதல் முறை.

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். ஒரே ஒரு முறைதான். பிறகு அண்ணனிடம், "அச்சுக்கு முன்னாடி நான் கேட்டிருக்கணும்ங்க. தப்புதான்" என்றாள். அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "புதுசா அடிச்சுக் குடுக்கலாம். போன மரியாதையை எந்த மெஷின்ல அடிக்கறது? நாளைக்கோட நின்னுக்கம்மா" என்றார். அம்மிணி என்று சொல்லவில்லை.

மே 21 அன்று லோகநாதன் சொன்னது இது: "கண்ணு, எம்மச்சான் பேருக்கு மேலயும் கீழயும் தாராளமா எடம் உடச் சொல்லு. மனுசன் அதெல்லாம் பாப்பாரு."

எனக்குப் பேச வராது. அதனால்தான் சொல்லவில்லை.

அப்படித்தான் எழுத நினைத்து இந்தப் பக்கத்தை ஆரம்பித்தேன்.

ஜூன் 2, சனி

அவளுக்குக் கடைசி நாள். ஆண்டு மலரில் பாதி வேலை மிச்சம் இருந்தது, அதில் முடிந்தவரை செய்துவிட்டுத்தான் போனாள். கரண்ட் இல்லாத நேரத்தில் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். கேட்டுவிடுவாள் என்று பயந்தேன். அவள் கேட்டது வேறு.

"ஒரு பேரைச் சுத்தி எடம் விட்டா அது மரியாதையா மேகலா? நான் அவரைத் தள்ளி வெச்ச மாதிரி ஆயிரும்னு நெனச்சேன். அதான் எல்லாரோடயும் சேர்த்து வெச்சேன்."

அவள் அப்பாவும் அம்மாவும் வேறு வேறு சாதி. கல்யாணத்துக்குப் பிறகு அம்மா வீட்டிலிருந்து ஒருவர்கூட வாசல்படி மிதிக்கவில்லையாம். மூன்று மாமன்கள் இருக்கிறார்கள், ஒருவரையும் அவள் பார்த்ததில்லை. காதுகுத்துப் பத்திரிகை ஒன்று வீட்டுக்கு வந்ததும் இல்லை, அவர்கள் அடித்ததும் இல்லை. ஒன்பது வயதில் அப்பா அவளைக் காந்திபுரத்தில் ஒரு நகைக்கடைக்குக் கூட்டிப் போனார். ஸ்டூலில் உட்கார வைத்துத் துப்பாக்கி மாதிரி ஒன்றால் குத்தினார்கள். முதல் காது வலித்ததும் தலையை ஆட்டிவிட்டாள். அதனால் இரண்டாவது ஓட்டை மேலே போய்விட்டது.

"மடியில உக்காந்திருந்தா யாராச்சும் தலையைப் புடிச்சிருப்பாங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

நான் என் காதைத் தொட்டுப் பார்த்தேன். எனக்குக் குத்தும்போது மாமன் மடியில் உட்கார்ந்து அவர் சட்டையில் மூத்திரம் போய்விட்டேன் என்று அம்மா இன்றும் சொல்வாள்.

போகும்போது அவள் "வர்றேன்" என்றாள். தலையாட்டினேன்.

ஜூன் 3, ஞாயிறு

துணி துவைத்தேன். ஆடியோடு போக இருந்த வேலை நிலைத்துவிட்டது என்று இன்றுதான் சொன்னேன், அம்மா கறி எடுத்தாள். பல் வலி என்று சொல்லிச் சாப்பிடவில்லை. அம்மா கிராம்பு கொடுத்தாள். வலிக்காத பல்லில் கிராம்பை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை இருந்தேன்.

ஜூன் 4, திங்கள்

குண்டடத்துக்காரர் மறுபடி வந்தார். அவர் தம்பி கல்யாணத்துக்கும் அதே மாதிரி பத்திரிகை வேண்டுமாம். பழைய ஃபைலைத் திறந்தேன்.

வரி பதினேழு என்று இருந்தது.

நான் பதினான்கு வைத்துத்தான் சேமித்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, வேண்டுமென்றேதானே செய்தேன். மற்ற ஃபைல்களையும் திறந்தேன். மே மாதத்தில் நான் செய்ததில் எட்டு. எட்டிலும் வரி பதினேழு. வேலு மெஸ் நோட்டீஸில் கொம்பு 'வ'வோடு போய் ஒட்டியிருந்தது. அவள்தான் திருத்தியிருக்கிறாள், யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் பத்திரிகையை வெளிச்சத்தில் பிடித்து என்னைப் புகழ்ந்தபோதும் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். வயிறு எரிந்திருக்கும் என்று எழுதியிருக்கிறேன். இப்போதுதான் திருப்பிப் பார்த்தேன்.

எரிந்தது யாருக்கு என்று அந்தப் பக்கத்தைப் படிக்கும் யாருக்கும் தெரியும்.

சாயங்காலம் அண்ணன், "அம்மிணி, ஆண்டு மலரு நாளைக்கு உன்ற கையிலதான்" என்றார். மறுபடி அம்மிணி. காதில் விழுந்தது, அவ்வளவுதான். காதுகுத்துப் பத்திரிகை என்ன ஆயிற்று என்று மாரப்பண்ணன் கேட்டார். ரங்கசாமி இன்னும் இறங்கி வரவில்லையாம், சமாதானத்துக்குத் தங்கை வீட்டிலிருந்து போன சேலையைப் பெட்டியைக்கூடத் திறக்காமல் திருப்பி அனுப்பிவிட்டாராம். இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது.

ஜூன் 5, செவ்வாய்

கடைச் சாவி வாங்கி ஏழரைக்கே திறந்தேன். ஒன்பது வரை கரண்ட் இருக்கும்.

அவள் செய்த காதுகுத்துப் பத்திரிகையைத் திறந்தேன். பக்கத்தில் ஒரு வரிகூட வைக்க இடம் இல்லை. எழுத்தைச் சின்னதாக்கினால் பங்காளிகள் சண்டைக்கு வருவார்கள். பிறகு பங்காளிகளின் பதினான்கு வரியிலும் இடைவெளியில் ஒவ்வொரு பாயிண்ட் குறைத்தேன். எதுவும் எதையும் முட்டவில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. பதினான்கு பாயிண்ட் மிச்சம் கிடைத்தது. ந. ரங்கசாமிக்கு மேலே ஏழு, கீழே ஏழு. அவர் தனியாக எழுந்து நின்றார். எழுத்தை இழுக்கவில்லை. பிரின்டரில் ஒரு பிரதி எடுத்தேன்.

பிறகு புதுப் பக்கம் திறந்து இன்னொன்று டைப் செய்தேன். 'மே 21 மதியம் லோகநாதன் சொன்னதை நான் இலக்கியா அக்காவிடம் சொல்லவில்லை. மேகலா.' அதை அண்ணன் மேசையில் வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய்விடலாம் என்று நினைத்திருந்தேன். எழுத்து சின்னதாகத் தெரிந்தது, பெரிதாக்கினேன். வரி இரண்டாக உடைந்தது, வரிக்கு நடுவே பதினெட்டு வைத்தேன், பிறகு இருபது வைத்தேன். மேலே விட்ட இடம் போதவில்லை. என் பெயரைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். மறுபடி பக்கத்தில் கொண்டுவந்தேன்.

ஒன்பதுக்குக் கரண்ட் போகும் என்று எனக்குத் தெரியும். மணி பார்த்துக்கொண்டுதான் செய்தேன்.

போனது. யூ.பி.எஸ். கத்தியது. பிரின்டருக்கு அதில் இணைப்பு இல்லை.

அண்ணன் டீ டம்ளரோடு உள்ளே வந்தார். அவ்வளவு சீக்கிரமே வந்து என்ன வேலை என்று கேட்டார். காதுகுத்துப் பத்திரிகையை நீட்டினேன். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். "இதைய ரங்கசாமிகிட்ட நானே கொண்டுபோய்க் குடுக்கறேன். இதைய அன்னைக்கே உன்றகிட்டக் குடுத்திருக்கணும், அம்மிணி" என்றார்.

"அண்ணா, லோகநாதண்ணன் சொன்னது என்றகிட்டத்தானுங்க" என்றேன்.

யூ.பி.எஸ். சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. என்ன என்றார். மறுபடி சொன்னேன். அதுவும் கேட்கவில்லை.

யூ.பி.எஸ்.ஸை அணைத்தேன். அவர் மேசைக்கு முன்னால் போய் நின்று, அதே வரியை மூன்றாவது முறை முதலிலிருந்து சொன்னேன்.